மிதிவண்டிப் போட்டியும் நமது ஊரும்

கிரிக்கெட் மட்டையால் கிரிக்கெட்தான் ஆடலாம். ஈட்டியை எறியலாம், குண்டை வீசலாம். ஆட்டம் முடிந்ததும் அவற்றை அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அவற்றைக் கொண்டு யாரும் பிழைப்பு நடத்துவதில்லை. மிதிவண்டியின் நிலை வேறு. விடியற்காலையில் பால் கேனைச் சுமக்கும் அதே வண்டி, பகலில் பள்ளிக்கூடம் போகிறது; மாலையில் மாட்டுக்குத் தீவனக் கட்டும், ரேஷன் அரிசி மூட்டையும் சுமந்து வீடு திரும்புகிறது. ஆண்டில் ஒரு நாள் மட்டும் அது பந்தயக் குதிரையாகிறது. மறுநாள் மீண்டும் பால் கேன்!

கள்ளக்குறிச்சியில் ஆண்டுதோறும் நடைபெறும் மிதிவண்டிப் போட்டியைப் பற்றி எழுத முற்பட்டபோது எனக்கு முதலில் தோன்றிய எண்ணம் இதுதான். வென்றவர்களின் பெயர்ப் பட்டியலில் இப்போட்டியின் வரலாறு அடங்கிவிடாது. உழைக்கும் வண்டி ஒன்று எப்படிப் பந்தய வண்டியாயிற்று, ஓட்டுபவரின் திறமையை மட்டும் அளக்க வேண்டுமானால் வண்டிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை எப்படிப் போக்குவது என்ற கேள்விகளே அவ்வரலாற்றின் உயிர்நாடி. அக்கேள்விகளுக்கு உலகம் கண்ட விடையையும், நம் ஊர் கண்ட விடையையும், இன்னும் விடை காணாத ஓர் இடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

பந்தயம் பிறந்த கதை

1869-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிரான்சு நாட்டில் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகர் வரை ஒரு மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடந்த பந்தயங்களுள் இதுவே முதலாவது எனப் போற்றப்படுகிறது. தொலைவு ஏறத்தாழ 123 கி.மீ. வென்றவர் ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கிலேயர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 10 மணி 40 நிமிடம். கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு பதினொன்றரை கி.மீ. வேகம்தான். இன்று நம் பால்காரர்கள் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டே இந்த வேகத்தை எட்டிவிடுவார்கள். ஆனால் அந்நாளைய வண்டியில் சங்கிலி கிடையாது. காற்றடைத்த டயர் கிடையாது. மிதிக்கட்டைகள் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. அந்தப் பந்தயத்தில் 'மிஸ் அமெரிக்கா' என்ற புனைபெயரில் ஒரு பெண்மணியும் கலந்துகொண்டு, இறுதிவரை ஓட்டி முடித்தார் என்பது இங்கே நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி.

1885-இல் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் 'ரோவர்' என்ற வண்டியைச் செய்தார். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலி என்று இன்று நாம் காணும் வடிவம் அதில் தோன்றியது. 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இவ்விரண்டும் சேர்ந்தபின் மிதிவண்டி வேகமும் பெற்றது. ஏழை எளியவர்க்கும் ஏற்றதாயிற்று.

1903-இல் 'லோட்டோ' என்ற பிரெஞ்சு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்க ஒரு பெரும் பந்தயத்தை நடத்தியது. அதுவே புகழ்பெற்ற 'டூர் தெ பிரான்ஸ்'. முதல் ஆண்டில் 6 கட்டங்களாக 2428 கி.மீ. தொலைவு. புறப்பட்டவர் 60 பேர். முடித்தவர் 21 பேர். வென்றவர் மொரீஸ் காரன். அப்பந்தயத்தை நடத்திய ஆன்றி தெக்ராஞ்சு, கியர் மாற்றும் கருவியைப் பந்தயத்திற்குள் நுழையவே விடவில்லை. வெற்றி தசைவலிமையால் வரவேண்டுமே தவிர எந்திரத்தால் வரலாகாது என்பது அவர் கொள்கை. 1910-இல் பிரனீசு மலைத்தொடர் பந்தயப் பாதையில் சேர்க்கப்பட்ட பின்னும் தடை நீங்கவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறமுள்ள வேறு பற்சக்கரம் சங்கிலியில் சேரும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். 1937-இல்தான் கியருக்கு அனுமதி கிடைத்தது. சமவெளியில் சரியாக இருந்த ஒரு விதி மலையில் சரியாக இல்லை என்று உணர அவர்களுக்கு 27 ஆண்டுகள் ஆயின. இச்செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

நம் ஊருக்கு வந்த வண்டி

நம் நாட்டிற்கு மிதிவண்டி வெள்ளையரோடு வந்தது. ராலே, ஹெர்குலிஸ், ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று இங்கிலாந்திலிருந்து இறங்கிய வண்டிகளை மிராசுதார்களும் அதிகாரிகளும் வைத்திருந்தனர். விடுதலைக்குப் பின்னரே வண்டி பெருகியது. 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என்று தொழிற்சாலைகள் எழுந்தன. வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்காயிற்று. விலை கைக்கு எட்டியது.

நம் பகுதியில் மிதிவண்டி வேரூன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேலம் - விருத்தாசலம் இருப்புப் பாதை சின்னசேலம் வழியாகச் சென்றதே ஒழிய, கள்ளக்குறிச்சி நெடுங்காலம் ரயில் இல்லாத ஊராகவே இருந்தது. பேருந்து முதன்மைச் சாலைகளில் மட்டுமே ஓடியது. கச்சிராயபாளையம், சங்கராபுரம், தியாகதுருகம் என்று சுற்றியுள்ள ஊர்களின் சந்தைக்கும், அரிசி ஆலைக்கும், கரும்பு வெட்டுக்கும் போய்வர மிதிவண்டியே துணை.

அந்நாளில் வண்டி வைத்திருப்பதும் எளிதன்று. உள்ளாட்சி மன்றத்திற்கு ஆண்டு வரி கட்டி, அதற்கு அடையாளமாகத் தரப்படும் உலோக வில்லையை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் காவலர் பிடிப்பார். 'டபுள்ஸ்' போனாலும் பிடிப்பார். சொந்த வண்டி இல்லாதவர்க்கு வாடகை சைக்கிள் கடை. மணிக் கணக்கில் வாடகை. நேரம் எழுதிவைக்க ஒரு நோட்டு, காற்றடிக்க ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. விடுமுறை நாட்களில் சிறுவர்கள் அரைமணிக்குக் காசு கொடுத்து வண்டி எடுத்து, சீட்டில் உட்காரக் கால் எட்டாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் 'குரங்குப் பெடல்' போட்டுப் பழகினார்கள். வாடகை நேரம் முடிவதற்குள் கடைக்குத் திரும்ப வேண்டுமே என்று அவர்கள் மூச்சிரைக்க மிதித்த அந்த ஓட்டம்தான் நம் ஊரின் முதல் மிதிவண்டிப் பந்தயம் எனலாம்.

போட்டிக்கு முன் இருந்த போட்டிகள்

முறையான போட்டி வருமுன்னரே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மிதிவண்டியை மையமாகக் கொண்ட இரண்டு கேளிக்கைகள் இருந்தன.

ஒன்று, பொங்கல் விழாவில் நடைபெறும் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி. இது இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட குறுகிய பாதையில், கால் தரையில் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியாக வந்து சேர்பவரே வெற்றி பெற்றவர். வேகமாக ஓட்டுவதைவிட இது கடினம். வண்டி ஒரு பக்கம் சாயும்போது நாம் அந்தப் பக்கமாகவே கைப்பிடியைத் திருப்பி, சக்கரத்தை நம் எடைக்கு அடியில் கொண்டு வருகிறோம். வேகமாகப் போகும்போது சிறு திருப்பம் போதும். வேகம் குறையக் குறையத் திருப்பம் பெரிதாக வேண்டும், பாதையோ குறுகியது. ஆகவேதான் மெதுவோட்டத்தில் பெரும்பாலோர் பாதி வழியிலேயே காலை ஊன்றிவிடுகின்றனர். இதில் புதிய வண்டி வைத்திருப்பவர்க்கு எந்தச் சலுகையும் கிடையாது. துருப்பிடித்த வண்டிக்காரர் வென்று எவர்சில்வர் பாத்திரத்தோடு வீடு போவார்!

மற்றொன்று, 1970-களிலும் 1980-களிலும் ஊர் ஊராக வந்த தொடர் சைக்கிள் ஓட்டம். ஊர்ப் பொதுத் திடலில் கம்பு நட்டு, குழல் விளக்குக் கட்டி, ஒலிபெருக்கியில் திரைப்படப் பாடல் போட்டு, ஒருவர் பல நாட்கள் வண்டியை விட்டு இறங்காமல் சுற்றிச் சுற்றி வருவார். உண்பதும் குளிப்பதும் உடை மாற்றுவதும் வண்டியின் மேலேயே. மாலையில் கூட்டம் கூடும். மார்பில் குழல் விளக்கை உடைப்பது போன்ற சாகசங்கள் நடக்கும். கடைசி நாளில் ஊர்ப் பெரியவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டுகளைக் குத்துவார்கள். அவருக்கு எதிராக ஓடியவர் யாருமில்லை. பசியும் தூக்கமுமே அவருடைய போட்டியாளர்கள். தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தபின் இக்கலைஞர்கள் அருகிப்போயினர். ஆனால் அன்றாட வண்டியைக் கொண்டு ஊரையே கூட்ட முடியும் என்று காட்டிச் சென்றவர்கள் அவர்கள்தாம்.

அண்ணா பிறந்தநாள் போட்டி

இன்று கள்ளக்குறிச்சியில் ஆண்டுதோறும் நடைபெறும் முறையான போட்டி, பேரறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டியாகும். அண்ணா பிறந்த நாள் 1909 செப்டம்பர் 15. ஆணையம் அமைக்கப்பட்டது 1992-இல்.

பள்ளி மாணவ மாணவியர்க்கு 13 வயதுக்குட்பட்டோர், 15 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். 13 வயதுக்குட்பட்ட மாணவர்க்கு 15 கி.மீ., மாணவியர்க்கு 10 கி.மீ. மற்ற இரு பிரிவுகளிலும் மாணவர்க்கு 20 கி.மீ., மாணவியர்க்கு 15 கி.மீ. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி ஒவ்வொரு பிரிவிலும் முதல் பரிசு ரூ.5000, இரண்டாம் பரிசு ரூ.3000, மூன்றாம் பரிசு ரூ.2000, நான்கு முதல் பத்து இடம் வரை வருவோர்க்குத் தலா ரூ.250. ஆக ஆறு பந்தயங்களில் 60 பேர் பரிசு பெறுகின்றனர். தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று பெற்று வரவேண்டும். வண்டியைத் தாமே கொண்டுவர வேண்டும்.

இப்போட்டி நம் ஊருக்கு வந்தது மாவட்டப் பிரிவினையால். 1993 வரை நாம் தென்னார்க்காடு மாவட்டத்தினர். மாவட்டத் தலைநகர் கடலூர். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. அதன்பின் மாவட்ட அளவிலான விளையாட்டு என்றால் விழுப்புரம் போக வேண்டும். ஓட்டப் பந்தய வீரர் கையை வீசிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம். மிதிவண்டி வீரர் என்ன செய்வார்? வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 75 கி.மீ. போக வேண்டும். காலையில் தொடங்கும் போட்டிக்கு முந்தைய நாளே புறப்பட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் ஒரு நாள் கூலியை இழந்து பிள்ளையோடு துணைக்கு வரவேண்டும். ஆகவே திறமை இருந்தும் பலர் ஊரிலேயே நின்றுவிடுவது இயல்பு. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. பந்தயக் கோடு நம் வாசலுக்கு வந்தது. புதிய மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு சிறுவன் தன் வீட்டிலிருந்தே மிதித்துக்கொண்டு வந்து பந்தயத்தில் நிற்கலாம் என்பதும் மாவட்டப் பிரிவினையின் பயன்தான்.

'சாதாரண' என்ற சொல்

இப்போட்டியின் விதிகளில் ஒன்று என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட, சாதாரண மிதிவண்டியாக இருக்க வேண்டும். கியர் பொருத்திய வண்டிகளுக்கு இடமில்லை. தெக்ராஞ்சு பிரான்சில் வற்புறுத்திய அதே கொள்கை! பணக்கார வீட்டுப் பிள்ளை பல்லாயிரம் ரூபாய் வண்டியில் வந்து, இரும்பு வண்டியில் வரும் ஏழைப் பிள்ளையை வென்றுவிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

இந்த ஒரு சொல் எவ்வளவு சமன் செய்கிறது என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன். மிதிக்கட்டையோடு சேர்ந்த முன் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின் ஃப்ரீவீலில் 18 பற்கள், சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம் எனக் கொள்வோம். ஒரு முறை முழுவதும் மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். அப்படியானால் 20 கி.மீ. தொலைவுக்குச் சுமார் 3700 மிதிச் சுற்றுகள். 15 கி.மீ.க்குச் சுமார் 2800. எல்லாரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் மிதித்தாக வேண்டும். யார் விடாமல் மிதிக்கிறார் என்பதே கேள்வி.

இருந்தாலும் சாதாரண வண்டிகளுக்குள்ளும் வேற்றுமை உண்டு. பால்ரஸ் தேய்ந்து கிரீஸ் காய்ந்த வண்டி, ஓட்டுபவரின் உழைப்பில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் பிரேக் கட்டை உரசும். டயரில் காற்றுக் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி விரிந்து ஆற்றலை வெப்பமாக்கிவிடும். ஆகவே போட்டிக்கு முன் வண்டியை ஓவராயில் செய்து, கோட்டம் எடுத்து, சங்கிலியைச் சரியான தளர்வில் வைப்பதே பாதிப் பயிற்சி.

மற்றப் பாதி காற்றோடு போராடுவது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் போகும்போது நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. அதனால்தான் தேர்ந்தவர்கள் முன்னே செல்பவரின் பின்னால் நெருங்கி ஓட்டி உழைப்பை மிச்சப்படுத்திக்கொண்டு, கடைசியில் விலகி முந்துகிறார்கள். நானும் பள்ளி நாட்களில் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓட்டிப் பரிசின்றித் திரும்பிய பலருள் ஒருவன். பரிசு பெறுபவர்கள் தொடக்கத்தில் முன்னே பாய்வதில்லை என்பதைப் பின்னாலிருந்து நன்றாகப் பார்க்க முடிந்தது!

மாணவியர் பந்தயம்

பெண்கள் மிதிவண்டி ஓட்டுவதைக் கேலி செய்த காலம் வெகு தொலைவில் இல்லை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். விவசாயக் கூலிகளும், கல் உடைப்பவர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றனர். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர்கள் சென்ற காட்சி, தமிழ்நாடு முழுவதும் எண்ணத்தை மாற்றியது.

அடுத்த படி, பள்ளி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி. 2001-2002-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கெனத் தொடங்கிய இத்திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படிக்கும் பிற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. பந்தயத்தின் 17 வயதுப் பிரிவுக்கு வேண்டிய 'சாதாரண' வண்டி, ஏழை வீட்டுக்கும் இத்திட்டத்தால் வந்துவிட்டது. அவ்வண்டியைத் தங்கை தம்பியரும் எடுத்து ஓட்டுவதால் இளையோர் பிரிவுகளுக்கும் அதுவே துணை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தினமும் கிராமத்திலிருந்து பள்ளிக்கு ஆண் பிள்ளைகளுக்குச் சமமாக மிதித்து வரும் மாணவிக்குப் பந்தயத்தில் மட்டும் ஏன் 5 கி.மீ. குறைவு? ஒலிம்பிக் போட்டியில் 1896 முதலே ஆண்களுக்கு மிதிவண்டிப் பந்தயம் உண்டு; பெண்களுக்கு 1984-இல்தான் இடம் கிடைத்தது. 1869-இலேயே ஒரு பெண் 123 கி.மீ. ஓட்டி முடித்தார் என்பதை எண்ணும்போது, தொலைவைக் குறைப்பது பெண்ணின் இயலாமையால் அன்று, நம் பழக்கத்தால் என்றே தோன்றுகிறது.

மலையில் நிற்கும் வண்டி

இனி, விடை காணாத இடத்திற்கு வருவோம். நம் மேற்கே தெரியும் கல்வராயன் மலைதான் அது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையின் வடபால் சின்னக் கல்வராயன். சராசரி உயரம் 2700 அடி. தென்பால் பெரிய கல்வராயன். ஏறத்தாழ 4000 அடி வரை உயர்ந்தது. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து சாலை மலையேறி வெள்ளிமலைக்குச் செல்கிறது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். அவ்வாண்டில்தான் மலை முழுவதும் அரசின் நேரடி நிருவாகத்திற்கு வந்தது. சமவெளியில் பொங்கல் விழாவில் சைக்கிள் போட்டி நடந்துகொண்டிருந்த நாட்களில், மலையில் பல ஊர்களுக்கு ஒற்றையடிப் பாதையே இருந்தது.

இன்று சாலை இருக்கிறது. மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு மிதிவண்டியும் கிடைக்கிறது. ஆனால் அவ்வண்டி மலையில் ஓடுமா? மீண்டும் கணக்கிற்கு வருவோம். மாணவர் எடை 55 கிலோ, வண்டி 20 கிலோ. ஆக 75 கிலோ. நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் ஒரு மிதிச் சுற்றில் 5.4 மீட்டர் நகர்ந்தால், ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் உயர வேண்டும். அதாவது ஒவ்வொரு கால் அழுத்தத்திற்கும் 75 கிலோவைச் சுமார் 21 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். மிதிக்கட்டை மேலிருந்து கீழே வரும் உயரம் 34 சென்டிமீட்டர்தான். ஆகவே சராசரியாக 47 கிலோ அழுத்தம் தேவை. காற்றையும் உராய்வையும் இதில் சேர்க்கவில்லை. 55 கிலோ எடையுள்ள ஒருவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று, ஏறக்குறைய தம் முழு எடையையும் ஒவ்வொரு மிதியிலும் போட்டாக வேண்டும். எத்தனை நிமிடம் முடியும்? இறங்கித் தள்ளுவதே வழி.

கியர் என்ன செய்கிறது? அது வேலையைக் குறைப்பதில்லை. வேலையைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துத் தருகிறது. முன்னால் 24 பற்கள், பின்னால் 28 பற்கள் என்று மாற்றினால் ஒரு சுற்றில் 1.9 மீட்டரே நகர்வோம். தேவைப்படும் அழுத்தம் 17 கிலோவாகக் குறைந்துவிடும். மெதுவாகத்தான் போவோம், ஆனால் இறங்காமல் போவோம்.

என்னோடு பயிலும் மலைவாழ் நண்பர் ஒருவர் தமக்குக் கிடைத்த மிதிவண்டியை அடிவாரத்து உறவினர் வீட்டில் விட்டுவைத்ததாகக் கூறினார். பொருட்கள் வாங்கக் கீழே வரும்போது மட்டும் அது அவருக்குப் பயன்பட்டதாம். நடையில் அவரை நம்மில் யாரும் முந்த முடியாது. மூச்சுவலிமையும் கால்வலிமையும் பிறந்தது முதல் ஏறி இறங்கிப் பெற்றவை. ஆனால் நாள்தோறும் வண்டி ஓட்டிப் பழகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. பந்தய நாளில் காலையில் வண்டியோடு வந்து சேரவும் வழியில்லை. 'எல்லார்க்கும் ஒரே சாதாரண வண்டி' என்ற விதி சமவெளிப் பிள்ளைகளிடையே நீதி செய்கிறது; மலைப் பிள்ளையை மட்டும் பந்தயத்திற்கு வெளியே நிறுத்திவிடுகிறது. விழுப்புரம் தொலைவாக இருந்தபோது கள்ளக்குறிச்சிப் பிள்ளைக்கு இருந்த நிலை, இன்று வெள்ளிமலைப் பிள்ளைக்கு இருக்கிறது.

பதினேழுக்குப் பிறகு

இன்னொரு குறையும் உண்டு. 17 வயதோடு மிதிவண்டிப் போட்டி முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்பட்டோர்க்கு அண்ணா பெயரிலேயே நெடுந்தூர ஓட்டப் போட்டியை அரசு நடத்துகிறது, வரவேற்க வேண்டியதே. ஆனால் கல்லூரி வாசலில் இத்தனை மிதிவண்டிகள் நிற்கின்றனவே, அவற்றுக்கு ஒரு பந்தயம் வேண்டாமா?

நம் கல்லூரி விளையாட்டு விழாவில் மிதிவண்டி நேர ஓட்டம் ஒன்றைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வண்டி வேண்டும். நேர ஓட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகப் புறப்படுகிறார்கள், கடிகாரமே போட்டியாளர். அப்படியானால் வண்டியைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஒரே வகை வண்டிகள் நான்கு போதும். போய்த் திரும்ப 5 கி.மீ. பாதை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம். ஐந்து நிமிடத்திற்கு ஒருவர் என அனுப்பினால், முதல் வண்டி திரும்பி வந்து, சீட்டின் உயரத்தைச் சரிசெய்து, ஐந்தாமவர்க்குத் தயாராகிவிடும். 24 பேர் ஓட்டி முடிக்க ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். எவர்க்கு எந்த வண்டி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். ஆண், பெண் இருபாலார்க்கும் தனித்தனிப் பரிசு, தொலைவு ஒன்றே. முன்னே செல்பவரின் பின்னால் ஒண்டி ஓட்டும் வித்தைக்கும் இதில் இடமில்லை; நெரிசல் இல்லாததால் விபத்தும் குறையும்.

வண்டி இல்லாதவர், வண்டியை மலையடிவாரத்தில் விட்டுவந்தவர், விடுதியில் தங்கிப் படிப்பவர் எல்லாரும் இதில் ஓட்டலாம். இது நன்கு நடந்தால், அடுத்த ஆண்டு கியர் வண்டிகள் இரண்டைக் கொண்டு கோமுகி அணைக்கு அப்பால் மலைச்சாலையின் தொடக்கத்தில் ஓர் ஏற்றப் பந்தயமும் நடத்திப் பார்க்கலாம். அங்கே மலை நண்பர்கள் நமக்கு வேகம் என்றால் என்னவென்று காட்டுவார்கள்.

நான்கு வண்டிகளுக்கு ஆகும் செலவு பெரிதன்று. விழா முடிந்தபின் அவற்றை விடுதி மாணவர்க்குப் பொது வண்டிகளாக வழங்கிவிடலாம். பந்தய வண்டி மீண்டும் உழைக்கும் வண்டியாகிவிடும். உடற்கல்வித் துறையும் மாணவர் பேரவையும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பாதையை அளப்பதற்கும், நேரம் குறிப்பதற்கும், முந்தைய நாள் வண்டிகளுக்குக் கோட்டம் எடுத்துக் காற்றடித்து வைப்பதற்கும் எங்கள் துறை மாணவர்கள் அணியமாக இருக்கிறோம்.